நீலப் பட்டை கட்டியவர்களுக்கு மட்டும்

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு நான் காயற்கரைக் கழிப்பறையில் ரோஜா வாசனைச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் போட்ட சத்தத்தை மட்டும் எழுதி என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

அந்த வாரம் திருவனந்தபுரத்தில் பெண்கள் கிரிக்கெட். வெளிநாட்டு அணி வந்திருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெண் ஆசிரியர்களுக்கென்று சில இலவசப் பாஸ்கள் வந்தன. மைதானத்துக்குள் போக அல்ல. நகரத்துக்கு வெளியே காயலோரமாக இருக்கும் கலைச் சந்தையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள், அங்கே உட்கார்ந்து பார்க்க. எனக்கு அதுவே போதும். ஆரியசாலையில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால், சாக்கு மூட்டைகளுக்கு நடுவில், அண்ணன்மாரோடு மட்டை பிடித்தவள் நான். பெண்கள் விளையாடுவதை ஊரே டிக்கெட் எடுத்துப் பார்க்கிறது என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னோடு எங்கள் கணக்கு டீச்சர் வந்தாள். வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். இருபது வருஷச் சிநேகிதி. கிரிக்கெட்டில் அவளுக்கு ஒரு அட்சரம் தெரியாது. பாஸ் வீணாகக் கூடாது என்று வந்தாள்.

அந்தச் சந்தை ஒருகாலத்தில் கயிற்றுக் கிடங்காக இருந்த இடம். இப்போது கிடங்குக்குள் ஓவியக் காட்சி. வெளியே தண்ணீரோரம் கல் பாவிய நடைபாதை, படகுத்துறை, வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். பாயும் பையும் விற்கிறவர்கள், பலகாரம் சுடுகிறவர்கள், மண்பாத்திரக்காரர்கள். பெரும்பாலும் பெண்கள்தான். போட்டிக்காகச் சுவருக்குச் சுவர் புதிதாக வரைந்திருந்தார்கள். மட்டையை ஓங்கி நிற்கும் பெண், பந்தைப் பாய்ந்து பிடிக்கும் பெண், முஷ்டியை உயர்த்திக் கத்தும் பெண். எல்லாம் இரண்டு ஆள் உயரம். பெண்ணால் முடியும் என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

வாசலில் எங்கள் மணிக்கட்டில் நீல நிறத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவிட்டார்கள். நனைந்தாலும் கிழியாது, கழற்றினால் மறுபடி ஒட்டாது. ஆட்டம் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான். வெளிநாட்டு ரசிகர்களை ஏற்றிக்கொண்டு நாலு மணிக்குப் பஸ்கள் வரும், அதற்குள் சுற்றிப் பாருங்கள் என்றார்கள். ஓவியங்களைப் பார்த்தோம். கழிப்பறைக்குப் போனோம். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டிப் பெண் எங்கள் கையைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், உள்ளே விட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்ததாகக்கூட ஞாபகமில்லை. வெளியே வந்து, "பரவாயில்லையே, சுத்தமா வச்சிருக்கா" என்று கணக்கு டீச்சர் மெச்சினாள். நானும் ஆமாம் என்றேன்.

பிறகு சுக்குக்காப்பி குடிக்கப் போனோம்.

அந்தக் காப்பிக் கடைக்காரியை எனக்கு முன்பே தெரியும். பாறசாலைப் பக்கத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். சுக்கும் கருப்பட்டியும் என் அண்ணன் கடையில்தான் வாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை திறக்க மாட்டாள், சபைக்குப் போவாள். வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்று என்னைப் பார்த்ததும் சிரித்தாள், ஆனால் பேசவில்லை. உதடு வெளுத்துக் காய்ந்திருந்தது.

"என்ன, சுகமில்லையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சரே. வெயிலுதான். ரெண்டு கிளாஸா?"

குழாய் வைத்த பெரிய பாத்திரத்தின் அடியில் கிளாஸைப் பிடித்தாள். கிளாஸ் கையை விட்டு நழுவியது. அதைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பிடித்தது பாத்திரத்தை. அதோடு சேர்ந்தே சரிந்தாள். கொதிக்கிற காப்பி அவளுடைய வலது காலில் ஊற்றியது. அவள் கத்தக்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வம்பென்றால் பத்தடி தள்ளி நிற்கும் கணக்கு டீச்சர் எனக்கு முன்னால் பாய்ந்தாள். பக்கத்துக் கடைக் குடத்தைத் தூக்கி, அவள் காலில் நிதானமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். "அவ செருப்பைக் கழட்டுடி, செருப்பைக் கழட்டு" என்று என்னைத்தான் விரட்டினாள். முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஒரு ஆண் நர்ஸ் ஓடி வந்தார். நல்ல மனிதர். காலுக்கு மருந்து போட்டு, துணி சுற்றி, நாடி பார்த்துவிட்டு அவளிடம் மலையாளத்தில் கேட்டார், எப்போது கடைசியாகத் தண்ணீர் குடித்தாய் என்று.

"காலத்த" என்றாள். "வீட்ல வச்சு."

"அதுக்கப்புறம் குடிக்கவே இல்லையா? இந்த வெயில்லயா?" என்று நான் குறுக்கிட்டேன். டீச்சர் குரல். தப்புச் செய்த பிள்ளையைக் கேட்கிற குரல்.

"குடிச்சா போகணும்லா டீச்சரே. எங்க போக?"

எனக்குப் புரியவில்லை. இருபது எட்டில் கழிப்பறை இருக்கிறது. கையை நீட்டிக் காட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அது உங்களுக்குள்ளது" என்றாள். "நீலம் கெட்டினவங்களுக்கு. எங்களுக்கு மூணு நாளா இல்ல. பிரஷருக்கு ஒரு குளிக உண்டு, அது தின்னா மூத்திரம் நிக்காது. அதனால அதும் திங்கல்ல."

பக்கத்துக் கடைப் பெண்கள் ஒவ்வொருவராக மீதியைச் சொன்னார்கள். சாதாரண நாளில் அந்தக் கழிப்பறை எல்லோருக்கும் பொது. போட்டி நாட்களில் விருந்தாளிகளுக்கு மட்டும், சுத்தம் கெடக் கூடாது என்று உத்தரவு. கடைக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டும். நடந்தால் போக அரைமணி, வர அரைமணி. ஆனால் கடையை ஆளில்லாமல் விடக் கூடாது, விட்டால் இடம் பறிபோகும், அதுவும் உத்தரவு. ஆண்கள் கிடங்குக்குப் பின்னால் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பாய் விற்கிற பெண்ணுக்கு அன்று மாதவிலக்கு. காலை ஏழு மணியிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அவள் அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். குனிய வேண்டியது அவள் அல்ல.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. என் கையில் ரோஜா வாசனை இன்னும் இருந்தது.

நர்ஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தார். இரண்டு கிளாஸ் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, "இப்ப போயே ஆகணும்" என்று முணுமுணுத்தாள். அவளைத் தோளில் தாங்கிக்கொண்டேன். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வந்தாள்.

கதவருகே செக்யூரிட்டிப் பெண் எழுந்து நின்றாள்.

"சேச்சி, கையில இந்த நீல பேண்ட் இல்லாதவங்கள உள்ள கேற்ற முடியாது."

"கால் வெந்து கிடக்கு. பாத்தாத் தெரியலையா?"

"கண்டேன் சேச்சி. சார் சொல்லியிருக்கு. ஆரையும் விடக் கூடாதுன்னு."

நான் என் பட்டையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தேன். அதைக் காப்பிக்காரியின் கையில் வைத்து அழுத்தினேன். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. "இந்தா, கட்டியாச்சு. விடு."

"கட் ஆனது செல்லாது சேச்சி" என்றாள் அவள்.

நான் கத்தினேன். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தேன். உனக்கு மனசு இருக்கிறதா, நீயும் ஒரு பெண்தானே, உன் அம்மாவாக இருந்தால் இப்படி நிற்க வைப்பாயா என்றெல்லாம் கேட்டேன். எல்லோரும் எளிதாகக் கேட்கிற கேள்விகள். அதையெல்லாம் நான் கேட்டிருக்க வேண்டியது அவளிடம் அல்ல என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்தவள் அவள்தான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள், "எனக்கும் உள்ள போக அனுவாதமில்ல சேச்சி."

"என்ன?"

"எனக்கும் பேண்ட் இல்ல." சட்டையின் முழுக்கையை ஏற்றி வெறும் மணிக்கட்டைக் காட்டினாள். "காலத்த ஆறு மணிக்கு டியூட்டி ஏறினேன். நாலாள் வேண்டிய எடத்துல நான் ஒருத்தி. மாத்தி விட ஆளில்ல. கதவுப் பக்கத்துலதான் இருக்கேன். நேத்தும் இப்படித்தான்."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். தொப்பிக்குக் கீழே நெற்றியெல்லாம் வியர்வை. தொடைகளை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். கழிப்பறைக்குக் காவல் இருக்கிறவள், அதன் வாசலில் ஒன்பது மணி நேரமாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 

எங்கள் சத்தத்தைக் கேட்டுக் கடைப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆளில்லாமல் விடக் கூடாத கடைகளை விட்டுவிட்டு வந்தார்கள். பதினோரு பேர். யாரும் கூப்பிடவில்லை. பாய் விற்கிறவள் முன்னால் நின்றாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள், அவ்வளவுதான்.

கணக்கு டீச்சர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, நமக்கெதுக்குடி வம்பு, போலீஸ் வந்துடப் போறதுடி" என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். உண்மையில் அதைத்தான் சொல்ல ஆரம்பித்தாள். "ஏண்டி, நமக்கெதுக்கு..." என்றவள் செக்யூரிட்டிப் பெண்ணைப் பார்த்தாள். நிறுத்தினாள். பிறகு நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ போம்மா" என்றாள் அவளிடம். "நான் பாத்துக்கறேன். முப்பது வருஷமா பரீட்சை ஹால்ல உக்காந்திருக்கேன், ஒரு கதவைப் பாத்துக்கத் தெரியாதா?"

செக்யூரிட்டிப் பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள். காப்பிக்காரியை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தாள். இருவரும் உள்ளே போனார்கள். பின்னால் பாய் விற்கிறவள். மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் வாக்கிடாக்கியுமாக மேற்பார்வைக்காரர் வந்தார். முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை. வந்ததும் முதல் காரியமாக வரிசையில் நின்ற பெண்களைப் போனில் படம் எடுத்தார்.

"எதுக்குப் படம் எடுக்கறீங்க?" என்றேன்.

"மேடம், ப்ளீஸ், கோ-ஆபரேட் செய்யணும். நாலு மணிக்கு கெஸ்ட் வரும். அதுக்குள்ள இதெல்லாம் கிளியர் ஆக்கணும்."

"இதெல்லாம்னா எதெல்லாம்?"

அவர் நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சரைப் பார்த்து, "இங்க இருந்த செக்யூரிட்டி எவிடெ?" என்றார்.  அவர் நேராகப் போய்ப் பெண்கள் கழிப்பறைக் கதவை விரலால் தட்டினார். அந்தக் கதவிலும் மட்டை பிடித்த பெண்ணின் உருவம்தான். அவர் தட்டியது அவள் வயிற்றில்.

அந்த நிமிஷத்தில் என்னிடம் ஏதாவது கனமான பொருள் இருந்திருந்தால் எறிந்திருப்பேன். "உள்ள பொம்பளைங்க இருக்காங்கய்யா! கையை எடு!" என்று நான் கத்தியது படகுத்துறை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன். அவரை மரியாதையில்லாமல் பேசினேன். எழுதக் கூடாத ஒரு வார்த்தையும் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளைத் திட்டாதே என்று சொல்லிக்கொடுப்பவள். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

கதவு திறந்தது. செக்யூரிட்டிப் பெண் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு அவர் முன்னால் நேராக நின்றாள்.

"எவிடெ போயிருந்து?" என்று கேட்டார் அவர்.

"மூத்திரம் ஒழிக்கப் போனேன் சாரே" என்றாள்.

சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.   அவர் வாக்கிடாக்கியில் யாரிடமோ என்னவோ பேசிவிட்டு, "இன்னைக்கு மட்டும்" என்று எங்கள் பக்கம் கையை வீசிவிட்டுப் போனார்.

இன்னைக்கு மட்டும். மூத்திரத்தை ஒரு நாளைக்கு மட்டும் அனுமதித்த அந்தப் பெரிய மனதை நான் மறக்க மாட்டேன்.

பஸ்கள் வந்தன. கொடிகளும் சாயம் பூசிய முகங்களுமாக ரசிகர்கள் இறங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. விளையாட வந்த பெண்கள் மேலும் இல்லை. நாங்கள் ஆட்டம் பார்க்கவில்லை. காப்பிக்காரியை ஒரு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பிறகு செய்தி கேட்டு வந்த அவள் மகளோடு பாறசாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாளே புகார் எழுதினேன். சந்தையை நடத்துகிறவர்களுக்கு ஒன்று, மேலே இரண்டு இடங்களுக்கு ஒவ்வொன்று. பத்து நாள் கழித்து ஒரு பதில் வந்தது. தங்கள் மதிப்புமிக்க ஆலோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது என்றிருந்தது. நான் ஆலோசனை சொல்லவே இல்லை. அந்தக் காகிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே கிழித்தேன். பிறகு ஒட்டவைத்தேன், தேவைப்படும் என்று.

அடுத்த சனிக்கிழமை காயற்கரைக்குப் போனேன். காப்பிக் கடை இருந்த இடத்தில் யாரோ ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், அவளைக் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் மாற்றிவிட்டார்களாம். போய்ப் பார்த்தேன். ஒரு தகரக் கூரை. முன்னால் வண்டிகள். காயலும் தெரியாது, நடைபாதையும் தெரியாது. அவள் காலை நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக வந்திருந்தது.

"இங்க பாத்ரூம் உண்டு டீச்சரே" என்றாள் என்னைப் பார்த்ததும். "டிரைவர்மாருக்குள்ளது. எப்பவும் தொறந்து கிடக்கும். கச்சவடம்தான் இல்ல, வாங்க ஆளு வராது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க சண்ட போட்டது சரிதான். நான் தப்புச் சொல்லல்ல. ஆனா நீங்க சண்ட போட்டுட்டு வீட்டுக்குப் போயாச்சு. நான் மறுநாளும் இவன்மாருக்க முகத்துலதான் முழிக்கணும். அது உங்களுக்குத் தெரியணும்."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாது என்பதால் சும்மா இருந்தேன். அவள் ஒரு கிளாஸ் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். காசு கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள், அதில் எனக்கு ஒரு ஆறுதல். பிறகு அவளே கேட்டாள், "மத்தவளுக எல்லாரும் சேந்து ஒரு மனு கொடுக்கணும்னு பேசுதாளுக. நீங்க எழுதித் தருவியளா? மலையாளத்துல. நல்லா உறைக்கிற மாதிரி."

அன்றே உட்கார்ந்து எழுதினோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மனு எங்கெங்கோ சுற்றியது. கணக்கு டீச்சரின் தம்பி வக்கீல், அவன் ஒரு நோட்டீஸ் அனுப்பினான். அதற்குப் பிறகுதான் அசைந்தார்கள். எந்த நிகழ்ச்சி நடந்தாலும் கடைக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் கழிப்பறை திறந்திருக்கும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. கழிப்பறைச் சுவரில் அதை ஒட்டியும் வைத்தார்கள். காப்பிக் கடையை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை. அந்த இடம் வேறொருவருக்கு ஒதுக்கியாகிவிட்டதாம். உத்தரவுக்காகச் சந்தோஷப்படச் சொன்னார்கள் என் வீட்டில். எனக்கு வரவில்லை. மனிதர்கள் மூத்திரம் போகலாம் என்று ஒரு அலுவலகம் முத்திரை குத்திக் கடிதம் தருகிற ஊரில் நான் எதற்காகச் சந்தோஷப்பட வேண்டும்?

உத்தரவை ஒட்டிய அன்று கதவருகே வேறொரு செக்யூரிட்டிப் பெண் இருந்தாள். முன்னால் இருந்தவளைப் பற்றிக் கேட்டேன். தனக்குத் தெரியாது, தான் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றாள். அவளைக் கெஞ்சி ஏஜென்சியின் நம்பரை வாங்கி வீட்டிலிருந்து கூப்பிட்டேன். ஒரு ஆள் எடுத்தார்.

"ஆளுடைய பேரென்ன மேடம்?" என்றார்.

 அன்று அவளிடம் மனசு இருக்கிறதா என்று கேட்டேன், அம்மாவாக இருந்தால் நிற்க வைப்பாயா என்று கேட்டேன். பேரைக் கேட்கவில்லை. போட்டி நடந்த நாட்களில் காயற்கரையில், பெண்கள் கழிப்பறை வாசலில் டியூட்டி பார்த்தவர் என்று சொன்னேன். நாற்பது வயதிருக்கும் என்றேன்.

"அங்ஙனெ ஒருபாடு பேருண்டு மேடம்" என்றார். அப்படி எத்தனையோ பேராம். போனை வைத்துவிட்டார்.